கேள்வி – பதில்: இரவில் நாலு தரம் எழும்பும் அம்மா

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. சலம் போக இரவில் நாலு தரம் எழும்புகிறா. மலசலகூடம் வளவுக் கோடியில். அந்தப் பயத்தில் பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீரே குடிக்கிறதில்லை. ஜப்பானில் இருக்கும் தம்பி, “இங்கேயும் வயது போனவர்களுக்கு இதுதான், யோசிக்காதே” என்கிறான். சரியா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி சொன்னதில் பாதி சரி, தங்கச்சி. ஜப்பானில் 2002இல் நாடு முழுக்க நடந்த ஆய்வில், 40 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 69 பேர் இரவில் ஒரு தரமாவது எழும்புவதாகச் சொன்னார்கள். அடிக்கடி போவதோடு அடக்க முடியாத அவசரமும் 12 பேருக்கு. வயது ஏற ஏற இது கூடும். ஆனால் “யோசிக்காதே” என்பதை நான் ஏற்க மாட்டேன். ஒரு தரம் வேறு, நாலு தரம் வேறு. அதுவும் பாம்பு திரியும் இருட்டில்!

வன்னியில் நேர்சாக இருந்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். பிரஷருக்கென்று வரும் அம்மாமார், மருந்தை வாங்கி எழும்பும்போதுதான், “பிள்ளை, இன்னொண்டு...” என்று சேலைத் தலைப்பை முறுக்குவார்கள். உங்கள் அம்மாவும் கிளினிக்கில் இதைச் சொல்லியிருக்க மாட்டா என்றே நினைக்கிறேன்.

தண்ணீரை நிறுத்த விடாதீர்கள். இந்த வெக்கையில் அது ஆபத்து. சலம் கடுத்து, கிருமித் தொற்றும் வரலாம். பகலில் நன்றாகக் குடிக்கட்டும், படுக்கப் போகும் நேரத்துப் பிளேன்ரீயை மட்டும் விடட்டும்.

அப்புறம் உப்பு. நாகசாகி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 10.7 கிராம் உப்பை 8 கிராமாகக் குறைத்தவர்கள் இரவில் எழும்புவது சராசரி 2.3 தரத்திலிருந்து 1.4ஆக இறங்கியது. இரவுச் சோற்றுக்குக் கருவாடும் மோர் மிளகாயும் வைக்கிற வீடென்றால் அங்கே கை வையுங்கள்.

பின்னேரம் கால் வீங்குகிறதா? அந்த நீர்தான் படுத்ததும் சலமாக இறங்கும். மத்தியானம் கால்களை உயர்த்தி வைத்துக் கொஞ்சம் படுக்கட்டும். சலரோகம் (நீரிழிவு) இருக்கிறதா என்று இரத்தமும் சலமும் சோதியுங்கள். நீர் போக்கும் குளிசை எடுத்தால், எந்த நேரம் போடுவதென்று டொக்டரிடம் கேளுங்கள். தானாக நிறுத்தக் கூடாது. சலத்தில் இரத்தம், காய்ச்சல், சலம் அடைப்பு கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அதுவரை கட்டிலருகே மூடியுள்ள வாளியும் ரோச் லைற்றும் வையுங்கள். மூன்று நாளைக்கு, எழும்பிய நேரத்தையும் போன அளவையும் ஒரு கொப்பியில் நீங்களே குறித்து, கிளினிக்குக்குக் கூடப் போய் அதைக் காட்டுங்கள்.