டாக்டேக் சிஏ சர்வர் ஓட்டை: மொரீஷியஸ் நிர்வாகிகளின் கேள்விகளுக்குப் பதில்

எபேன்: சிவிஇ-2023-4727 பற்றி 2024 ஜூனில் அறிவிப்பு வந்ததே, உள்ளே என்னதான் நடக்கிறது?

டாக்டேக் என்பது சான்றிதழ் வழங்கும் சர்வர் (சிஏ) மென்பொருள். அதில் புது குளோன், அதாவது சர்வரின் இன்னொரு நகல், நிறுவும்போது, அது செஷன் எண்ணைக் காட்டிச் சான்றிதழ் கேட்கும். அந்த எண்ணைச் சோதிக்காமல் அப்படியே எல்டாப் (செஷன் பதிவுகள் இருக்கும் டைரக்டரி) தேடலில் போட்டதுதான் தவறு. எண்ணுக்குப் பதில் வெறும் * அனுப்பினால், எல்டாப்புக்கு அது 'எதுவானாலும் சரி' என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஒரே ஒரு செஷன் பதிவு இருந்தாலும் பொருந்திவிடும், பாஸ்வேர்ட் கேட்காது.

லாக்கை முதலில் நகலெடுங்கள், பிறகு பேட்ச் போடுங்கள்.

கத்ர் போர்ன்: சான்றிதழ்களில் கையெழுத்திடும் சிஏவின் ரூட் சாவியை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். இந்த ஓட்டை வழியாகச் சாவி வெளியே போகாது. அந்தச் சாவியால் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பதே ஆபத்து.

ரோஸ் ஹில்: லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ்களுக்கும் ஆபத்தா?

சம்பந்தமில்லை. அங்கே ஓடுவது போல்டர் என்ற வேறொரு சிஏ மென்பொருள்.

கியூர்பிப்: எங்களிடம் ஃப்ரீஐபிஏ (பயனர் கணக்கு, லாகின் நிர்வாக மென்பொருள்) மட்டும்தான்.

சிஏவோடு நிறுவியிருந்தால் உள்ளே ஓடுவது டாக்டேக்தான். ரெட் ஹாட்டில் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். திருத்தத்தைப் பழைய பதிப்பிலேயே சேர்த்துத் தருவார்கள். ஆர்பிஎம் பேக்கேஜின் சேஞ்ச்லாகில் (மாற்றப் பட்டியலில்) சிவிஇ எண்ணைத் தேடுங்கள்.

மஹேபூர்: டாக்டேக்கின் 8443 போர்ட்டை ஃபயர்வாலில் மூடிவிட்டோம். போதாதா?

போதாது. ஃப்ரீஐபிஏவில் அப்பாச்சி வெப் சர்வர், சிஏவின் சில பாதைகளை 443 வழியாகவே உள்ளே அனுப்புகிறது. சான்றிதழ் விண்ணப்பப் பாதையும் அதில் அடக்கம். அலுவலக லாப்டாப் ஒன்று கெட்டாலே அங்கிருந்து எட்டிவிடலாம்.

மஹேபூர், மறுபடி: 443ஐ மூடினால் யாரும் லாகின் செய்ய முடியாதே?

443ஐ மூடச் சொல்லவில்லை. பேட்ச் போடும் வரை அப்பாச்சியின் பிகேஐ புராக்ஸி கோப்பில் அந்தப் பாதைகளை மட்டும் ஃப்ரீஐபிஏ சர்வர்களின் ஐபி முகவரிகளுக்குக் கட்டுப்படுத்துங்கள். ரெப்ளிகா (கூடுதல் ஃப்ரீஐபிஏ சர்வர்) சேர்க்கும் நாளில் புது மெஷினின் ஐபியையும் சேருங்கள். 'உள் நெட்வொர்க்தானே' என்ற எண்ணத்தை சிஏ விஷயத்தில் என்னால் ஏற்கவே முடியாது.

போர்ட் லூயிஸ்: லாக்கில் எதைத் தேடுவது?

டாக்டேக் ஓடும் டாம்கேட் சர்வரின் ஆக்சஸ் லாக்கில் செஷன் எண் இருக்க வேண்டிய இடத்தில் * இருக்கிறதா பாருங்கள். இல்லையென்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்: போஸ்ட் கோரிக்கையின் உள்ளடக்கம் அந்த லாக்கில் பதியாது. 'சிஏஇன்டர்னல்ஆத்' என்று தொடங்கும் புரொஃபைல்களில் (சான்றிதழ் வகைகளில்) வெளியான சான்றிதழ்களைப் பட்டியலெடுத்து, நீங்கள் குளோன் நிறுவிய நாட்களோடு ஒப்பிடுங்கள். கணக்கில் வராததை ரத்து செய்யுங்கள், சிஆர்எல்லை (ரத்தான சான்றிதழ்களின் பட்டியலை) புதுப்பியுங்கள், சான்றிதழ் நிலையைக் கேட்டால் சொல்லும் ஓசிஎஸ்பி அதை ரத்தானதாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

த்ரியோலே: ரூட்டை மாற்றணுமா?

கத்ர் போர்னுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வகோவா: நேற்றே பேட்ச் போட்டு, பழைய லாக்கை அழித்துவிட்டோம்.

இதற்காகத்தான் நகல் முதலில் என்றேன். சிஏவின் தணிக்கை லாக்கும் எல்டாப்பில் உள்ள சான்றிதழ் பதிவுகளும் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். தனிநபர் தகவல் கசிந்தது தெரியவந்தால், 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும்.