ஒரு மில்லிமீட்டருக்காக கிட்டாரை மாற்றலாமா?

கேள்வி: பத்து வருடம் நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டார் வாசித்தேன். மூன்று வருடமாக ஒரு ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார்) வைத்திருக்கிறேன். நட் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள பட்டை) 42 மி.மீ., ஆறு ஸ்க்ரூ போட்ட பழைய பாணி பிரிட்ஜ் (உடம்பில் தந்திகளைத் தாங்கும் பாகம்). எனக்கு விரல் கொஞ்சம் தடிமன். ஏ கார்டு பிடித்தால் முதல் தந்தி ஊமையாகிவிடுகிறது. நண்பர் ஒருவர் தன் ஐபனெஸ் ஏஎஃப்75 ஹாலோபாடியைக் கொடுத்துவிட்டு என் ஸ்ட்ராட்டை எடுத்துக்கொள்ளத் தயார். "ஹாலோபாடின்னா நெக் அகலமா இருக்கும்" என்கிறார். மாற்றிக்கொள்ளலாமா? - கோவை வாசகர்

பதில்: ஹாலோபாடி என்றால் உடம்பு கூடாக இருக்கும், அவ்வளவுதான். நெக், அதாவது இடது கை பிடிக்கும் கழுத்தின் அகலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏஎஃப்75-இன் நட் அகலம் 43 மி.மீ. உங்கள் ஸ்ட்ராட்டைவிட ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதல். ஆறு தந்திக்கு நடுவே ஐந்து இடைவெளி. அந்த ஒரு மில்லிமீட்டரைப் பங்கு போட்டால் இடைவெளிக்கு 0.2 மி.மீ. கிடைக்கும். ஜெராக்ஸ் தாள் இரண்டை ஒன்றாக வைத்தால் வருகிற கனம் அது. விரலுக்கு அதுகூடத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் குறை தீருமா என்பது வேறு விஷயம்.

நீங்கள் பழகிய கிளாசிக்கல் கிட்டாரின் நட் 52 மி.மீ. அதில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே ஏறக்குறைய 43 மி.மீ. இருக்கும். ஸ்ட்ராட்டில் அதே தூரம் 35 மி.மீ. சொச்சம்தான். கை தேடுவது அந்த எட்டு மில்லிமீட்டரை. அதனால் நட்டின் அகலத்தை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். வெர்னியர் காலிப்பர் எடுத்து இரண்டு கிட்டாரிலும் தந்திக்குத் தந்தி அளந்து பாருங்கள். நட்டில் ஒரு முறை, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஒரு முறை, பிரிட்ஜில் ஒரு முறை.

பிரிட்ஜில் அளக்கும்போது ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. உங்கள் பழைய பாணி ஸ்ட்ராட் பிரிட்ஜில் தந்திப் பரப்பு சுமார் 56 மி.மீ. ஹாலோபாடிகளில் வருகிற டியூனோமேட்டிக் வகைப் பிரிட்ஜில் அது 50, 52 மி.மீ. அளவில் நின்றுவிடும். அதாவது இடது கைக்கு மயிரிழை அகலம் கூடுகிறது, விரலால் மீட்டும் வலது கைக்கோ இடம் குறைகிறது. கிளாசிக்கலில் இருந்து வந்தவருக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்தும். இன்னொன்று ஸ்கேல் நீளம் (அளவுகோல் இல்லை, நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அதிரும் தந்தியின் நீளம்). ஸ்ட்ராட்டில் 648 மி.மீ., ஏஎஃப்75-இல் 628 மி.மீ. ஃபிரெட்டுகள் நெருங்கி வரும். ஏ கார்டில் மூன்று விரலும் ஒரே ஃபிரெட்டுக்குள் முண்டியடிப்பதால் உங்கள் நெரிசல் கூடினாலும் கூடும்.

வேடிக்கை என்னவென்றால், அகலமான நெக்தான் வேண்டும் என்றால் அதற்கு வழியுள்ள கிட்டார் உங்கள் கையில் இருப்பதுதான். ஸ்ட்ராட் நெக் நான்கு ஸ்க்ரூவில் நிற்கிறது. வார்மோத் போன்ற நெக் தயாரிப்பாளர்களிடம் 44.5 மி.மீ. நட்டோடு ஸ்ட்ராட்டுக்கான நெக் கிடைக்கும். அதைவிட அகலமாக 47.6 மி.மீட்டரிலும் உண்டு. ஏஎஃப்75-இன் நெக் பசை போட்டு ஒட்டியது, கழற்றி மாற்றுகிற பேச்சே இல்லை.

சரி, ஹாலோபாடியின் அந்தத் தடித்த, மரவாசனை அடிக்கிற ஒலிதான் ஆசை, நெக் ஒரு சாக்கு என்றால் (அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்), அப்போது தாராளமாக மாற்றலாம். ஆனால் அகலமும் சேர்ந்து வேண்டுமென்றால் ஈஸ்ட்மன் ஏஆர்371சிஇ போன்றதைத் தேடுங்கள், அதன் நட் 44.5 மி.மீ. கோடின் ஃபிஃப்த் அவென்யூ 43.7 மி.மீ. பழசு என்றால் அகலம் என்றும் நம்பாதீர்கள். 1960-களின் நடுவில் வந்த கிப்சன்கள் பலவற்றில் நட் 40 மி.மீட்டருக்கும் குறைவு. உங்கள் கைக்கு அவை சிறை.

நண்பரின் கிட்டாரைப் பார்க்கப் போகும்போது முதலில் பிரிட்ஜைக் கவனியுங்கள். மரக்கட்டை மேல் உட்கார்ந்திருக்கும் பிரிட்ஜின் இரண்டு பக்கமும் உயரம் மாற்றும் சின்னச் சக்கரங்கள் இருக்கும். அவை அடிவரை இறங்கியும் தந்தி உயரமாகவே நின்றால் நெக்கின் கோணம் போய்விட்டது என்று அர்த்தம். பேச்சை முடித்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள், ஒட்டிய நெக்கைப் பிரித்துச் சரிசெய்யும் செலவு இந்த விலை கிட்டாருக்குக் கட்டாது. அப்புறம் போன் டார்ச்சை மேல் பலகையின் எஃப் வடிவத் துளைக்குள் அடித்து, உள்ளே தாங்கு சட்டங்கள் ஒட்டு விட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மேல் பலகையை விரல் கணுவால் மெல்லத் தட்டினால் பிரிந்த சட்டம் 'சலசல' என்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்கிய பிறகு எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். இந்த வகைக் கிட்டார்களில் பிரிட்ஜ் பெரும்பாலும் தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். நான் முதல் தடவை ஆறையும் அவிழ்த்தேன். பிரிட்ஜ் மடியில் விழுந்தது. அன்று சாயங்காலம் கச்சேரி. சுருதி சரியாக நிற்க, பன்னிரண்டாம் ஃபிரெட் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்தி வாசித்த சுரத்தையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, பிரிட்ஜை அரை மில்லிமீட்டர் நகர்த்திக்கொண்டே மதியம் முழுக்கப் போனது. இப்போதெல்லாம் பிரிட்ஜின் ஓரத்தில் காகித டேப் ஒட்டி இடத்தைக் குறித்துவிடுவேன். தந்தியும் ஸ்ட்ராட்டில் போடுகிற 9 (முதல் தந்தியின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு) வேண்டாம், 11 அல்லது 12 போடுங்கள். லேசான தந்தியில் பிரிட்ஜ் வழுக்கும், ஒலியும் சப்பென்று இருக்கும். ஆம்பில் கெயின் ஏற்றி வாசிக்கிறவர் என்றால் ஃபீட்பேக் ஊளையிடும், அதற்கும் தயாராக இருங்கள்.

பணக் கணக்கைப் பொறுத்தவரை, இரண்டின் இன்றைய பழைய விலையைத் தனித்தனியாகப் பாருங்கள், வித்தியாசத்தைக் காசாகத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஹாலோபாடிக்கு கெட்டியான பெட்டி இல்லாமல் வாங்காதீர்கள். நண்பர் என்பதால் ஒன்று கேட்கலாம்: முடிவு சொல்லும் முன் ஒரு வாரம் கிட்டாரை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வது. வீட்டில் உட்கார்ந்து அந்த ஏ கார்டைப் பிடியுங்கள். முதல் தந்தி தெளிவாகப் பேசினால் நண்பருக்குப் போன் போடலாம்.