விடுமுறைக்கு வந்த சிப்பாய்கள்

வணக்கம் ஐயா,

2014இல் கிழக்கு உக்ரைன் கிளர்ச்சியாளர்களுக்கு ரஷ்ய ராணுவம் ரகசியமாக உதவியது என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். கிளர்ச்சியாளர்களிடம் இருந்தவை சோவியத் காலத்து ஆயுதங்கள். உக்ரைன் கிடங்குகளிலும் அவைதான் இருந்தன. செயற்கைக்கோள் படம் காட்டியவர்கள் அமெரிக்கர்கள். 2003இல் இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக ஐ.நா.வில் படம் காட்டியதும் அவர்கள்தானே?

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

இராக்கில் சூடு கண்டவர்கள்தான் நாம் எல்லோரும். அமெரிக்கப் படங்களை ஒதுக்கிவைத்துவிட்டே பேசலாம்.

ஆயுதத்தைப் பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. ஒரு கலாஷ்னிகோவை வைத்து யார் கொடுத்தது என்று சொல்ல முடியாது. உக்ரைன் படையிடமிருந்து பறித்ததும் உண்டு. ஆனால் 2014 ஆகஸ்டில், சண்டை நடந்த கிழக்கு உக்ரைன் நகரமான இலோவைஸ்க் பக்கம் டி-72பி3 டாங்கி வந்தது. சோவியத் ஒன்றியம் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து ரஷ்யா தன் படைக்கென்று புதுப்பித்த வகை அது. உக்ரைனிடம் ஒன்றுகூட இருந்ததில்லை. இல்லாத கிடங்கில் எதைப் பறிப்பது?

அதே மாதம் ரஷ்ய பாராசூட் வீரர்கள் பத்துப் பேர் பிடிபட்டார்கள். தவறுதலாக எல்லை தாண்டிவிட்டார்கள் என்றது மாஸ்கோ. வழி தப்பியிருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். சில நாட்களில் தோனெட்ஸ்க் கிளர்ச்சியாளர்களின் பிரதமர் ஸகார்சென்கோ, ரஷ்யத் தொலைக்காட்சியிலேயே வாயைத் திறந்தார். மூவாயிரம் நாலாயிரம் ரஷ்யர்கள் தங்களோடு இருக்கிறார்களாம். பணியில் உள்ள சிப்பாய்கள்கூட விடுமுறையைக் கடற்கரையில் கழிக்காமல் இங்கே வந்து சண்டையிடுகிறார்களாம். டாங்கிக்கும் சேர்த்து லீவு எழுதிக் கொடுத்திருப்பார்கள் போல.

2015 டிசம்பரில் புடினும், ராணுவ விஷயங்கள் உட்படச் சில வேலைகளைப் பார்க்க அங்கே ஆட்கள் இல்லை என்று நாங்கள் சொன்னதே இல்லை என்றார். வழக்கமான படைகள் இல்லை என்பதில் மட்டும் நின்றுகொண்டார். நான் கூப்பிடும் சாட்சிகள் எல்லாம் மறுத்தவர்கள் தரப்பு ஆட்கள்தான், கவனியுங்கள்.

உதவியதா, ஆட்டுவித்ததா என்பது வேறு வழக்கு. 1986இல் சர்வதேச நீதிமன்றம், நிகராகுவா அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்கு அமெரிக்கா ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது சட்டமீறல் என்றது. ஆனாலும் கான்ட்ராக்கள் செய்த கொடுமைகளை அமெரிக்காவின் செயல்களாக ஏற்கவில்லை. கிழக்கு உக்ரைன் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்த மலேசியப் பயணிகள் விமானமான எம்எச்17 வழக்கிலோ, 2014 மே மாத நடுவிலிருந்தே தோனெட்ஸ்க் ‘குடியரசு’ ரஷ்யாவின் கட்டுப்பாட்டில் இருந்தது என்று நெதர்லாந்து நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று நீங்கள் வாதாட வந்தால் நானும் உட்காருவேன். ரஷ்யா அங்கே இருந்ததா என்பதற்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.