ஐந்தரை லட்சம் ரூபாய்க்குள், தினமும் ஓட்டுவதற்கு வேகமான பழைய கார் எது?

திருப்பூரிலிருந்து கோவைக்குத் தினமும் போய்வர ஐந்தரை லட்சம் ரூபாய்க்குள் ஒரு பழைய கார் வேண்டும், அது முன்சக்கர இயக்கம் கொண்டதாக இருக்க வேண்டும், லாரியைத் தாண்டும்போது தயங்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். முன்சக்கர இயக்கத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். இந்தத் தொகைக்கு நம் சந்தையில் கிடைக்கும் ஹேட்ச்பேக்குகளும் சிறிய செடான்களும் ஏறத்தாழ எல்லாமே அப்படித்தான். ஆம்னி, ஈக்கோ, பொலேரோ என்று தேடிப் போனால்தான் பின்சக்கரம் இயங்கும் வண்டி அகப்படும்.

வேகம் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதே யோசிக்க வேண்டிய விஷயம். நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடுகிறது என்ற கணக்கு அவினாசி சாலையில் உங்களுக்கு ஒருநாளும் உதவப் போவதில்லை. மூன்றாவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டிருக்கும் வண்டி, மிதித்தவுடன் எண்பதை எவ்வளவு சீக்கிரம் எட்டுகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய பிக்கப். 2014 முதல் விற்ற ஹோண்டா சிட்டி பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள்: 119 பி.எஸ். (குதிரைத்திறன்) சக்தி, காகிதத்தில் பிரமாதம். ஆனால் அதன் 145 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, என்ஜின் நிமிடத்துக்கு 4,600 முறை சுழலும்போதுதான் (4,600 ஆர்.பி.எம்.) முழுமையாகக் கிடைக்கிறது என்பதால், ஒவ்வொரு முறை லாரியைத் தாண்டும்போதும் கியரைக் குறைத்து என்ஜினை அலறவிட வேண்டியிருக்கும். 2015இல் வந்த இரண்டாம் தலைமுறை ஃபோர்டு ஃபிகோவின் 1.5 லிட்டர் டீசல் என்ஜினுக்குச் சக்தி 100 பி.எஸ். மட்டுமே என்றாலும், 215 நியூட்டன் மீட்டர் 1,750 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடுகிறது. ஒரு டன்னைச் சற்றே தாண்டும் எடைக்கு அது தாராளம்.

இதற்கு மேல் சக்தியைத் தேடுவதில் பயன் அதிகமில்லை என்பது என் கருத்து. முன்சக்கர வண்டியில் திரும்புவதும் இழுப்பதும் ஒரே ஜோடி டயர்களின் வேலை. வேகமெடுக்கும்போது வண்டியின் பாரம் பின்னோக்கிச் சாய்வதால், பிடிப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில் முன்டயர்களின் மேல் பாரம் குறைகிறது. ஈரச் சாலையில் சக்கரம் வெறுமனே சுழல்வதும், சக்தி மிகுந்த வண்டிகளில் ஸ்டீயரிங் ஒரு பக்கமாகக் கையை இழுப்பதும் இதனால்தான் அதிகம் தெரிகின்றன. 145 பி.எஸ். கொண்ட அபார்த் புன்டோவை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். இறங்க மனமே வரவில்லை. ஆனால் ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்ட நிலையில், மறுநாள் காலை எட்டு மணிக்கு அலுவலகம் போயாக வேண்டியவர் அதை நம்பியிருக்க முடியாது.

நான் ஓட்டுவது மாருதி பலேனோ ஆர்.எஸ். 2017இல் வந்து 2020இன் தொடக்கத்தில் நின்றுபோன வண்டி. ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 102 பி.எஸ்., 150 நியூட்டன் மீட்டர், எடை ஏறக்குறைய 950 கிலோ, நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். எடை குறைவாக இருப்பதால் எண்கள் சொல்வதைவிடச் சுறுசுறுப்பாகவே ஓடுகிறது. இதை வாங்குவதானால் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள். பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப் தொடர்பாக 2023 ஏப்ரலில் 7,213 ஆர்.எஸ். கார்களை மாருதி திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அந்த வேலை முடிந்துவிட்டதா என்பதை எந்த சர்வீஸ் மையத்திலும் சேசிஸ் எண்ணைக் கொடுத்து அறியலாம்.

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. என்று நண்பர்கள் கட்டாயம் சொல்வார்கள். 2013இல் வந்த அந்த 1.2 லிட்டர் காரின் ஓட்டம் அருமை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதிலுள்ள டி.எஸ்.ஜி. என்ற ஏழு கியர் தானியங்கி கியர்பாக்ஸ், எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச்சுகளைக் கொண்டது. நின்று நின்று நகரும் நெரிசலில் சூடாவது அதன் இயல்பு, பழுதானால் செலவும் பெரியது. இதே வகை கியர்பாக்ஸுக்காக 2013இல் சீனாவில் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2020இல் வந்த ஒரு லிட்டர் போலோ டி.எஸ்.ஐ. மேனுவல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்; ஆனால் ஐந்தரை லட்சத்துக்கு நல்ல நிலையில் உள்ள ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஆகவே நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டப் போகும் உங்களுக்கு என் பரிந்துரை ஃபிகோ டீசல், அல்லது அதே என்ஜின் கொண்ட ஃபோர்டின் சிறிய செடான் ஆஸ்பயர். ஆண்டுக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும்போது டர்போ பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையிலான மைலேஜ் வித்தியாசம் ஒரு செட் டயரின் விலையை எளிதில் தாண்டும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததால் பலர் அஞ்சி ஒதுங்குகிறார்கள். பேரம் பேச அதுவே உங்களுக்கு வசதி. சர்வீஸும் உதிரிபாகங்களும் தொடர்கின்றன என்றாலும், வாங்குவதற்கு முன் உங்கள் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இந்த என்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு. அதை மாற்றியதற்கான பில் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே கருதி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

எந்த மாடல் என்பதைவிட எந்த வண்டி என்பது முக்கியம் என்பதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். முதலில் வாங்கிய டர்போ கார் ஓட்டிப் பார்த்தபோது பறந்தது. முந்தைய உரிமையாளர் என்ஜினை ரீமேப் செய்து (சக்தி கூடும்படி அதன் மென்பொருளை மாற்றி) நன்றாக அனுபவித்துவிட்டு, பழைய நிலைக்கு மாற்றி விற்றிருக்கிறார் என்பது நான்காம் மாதம் கிளட்ச் தேய்ந்து நின்றபோதுதான் தெரிந்தது. இப்போது கார் பார்க்க யார் என்னை அழைத்தாலும், விற்பவர் காலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் போகிறேன். குளிர்ந்த என்ஜினில்தான் குறைகள் தெரியும் என்பதால், பானெட் சூடாக இருந்தால் அங்கேயே சந்தேகம் தொடங்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது முன்பக்கம் டக் டக் என்று சத்தம் வந்தால் ஆக்சில் மூட்டு தேய்ந்திருக்கிறது. முன்டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகியிருந்தால் லோயர் ஆர்மோ (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை) அலைன்மென்ட்டோ (சக்கரங்களின் நேர்கோணம்) சரியில்லை. நான்காவது கியரில் ஐம்பதில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதும் மிதியுங்கள். வண்டி வேகமெடுக்காமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறினால் கிளட்ச் முடிந்துவிட்டது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு வெளியூர்களில் விற்கப்படுவதுண்டு, ஆனால் பெல்ட்டின் அடிமுனையில் படிந்த சேற்றுக் கறையை எவரும் கழுவுவதில்லை.

ஆவணங்களைப் பொறுத்தவரை ஆர்.சி.யில் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா, நிலுவையில் இ-சலான் இருக்கிறதா என்று அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்துவிட்டு, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் உங்கள் கண் முன்னால் கையெழுத்து வாங்குங்கள். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இழப்பீடு கோராததற்காக இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் விற்பவருடையது. அது உங்களுக்கு வராது என்பதால், அதைக் காட்டி விலை ஏற்றினால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஐந்தரை லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். நாலே முக்கால் லட்சத்துக்குள் பேசி முடித்தால், மீதியில் முன்பக்கம் இரண்டு நல்ல டயர்கள், டைமிங் பெல்ட், பிரேக் பேட், முழு சர்வீஸ் எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே முடித்துக்கொள்ளலாம். வண்டியை இறுதி செய்யும் முன் ஓடிய கிலோமீட்டரையும் சர்வீஸ் பில்களையும் கீழே பதிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.