272 படிகளுக்குப் பிறகு

அன்புள்ள ஐயா,

பீடோரிலிருந்து எங்கள் தோட்டத்து ஆட்கள் எட்டுப் பேர் பழைய ரோட்டிலேயே நான்கு நாள் நடந்து, தைப்பூசத்துக்கு முதல்நாள் பத்துமலை சேர்ந்தோம். ஆற்றில் குளித்து, பால்குடம் ஏந்தி மேலே போனோம். பாலை ஊற்றியதும் கூட வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். எனக்கு ‘இவ்வளவுதானா’ என்றிருந்தது. மகன் காரில் வந்து அழைத்துப்போனான். இரண்டு வாரமாகியும் மனம் எதிலும் ஒட்டவில்லை. என் பக்தியில் குறையா?

ஒரு வாசகி, பீடோர், மலேசியா

அன்புள்ள சகோதரிக்கு,

பக்தியில் குறை இருந்தால் வழியில் சிலிம் ரிவரிலேயே பஸ் ஏறியிருப்பீர்கள்.

நான் கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். கித்தாக்காட்டு (ரப்பர் தோட்டத்து) ஓரமாக மஞ்சள் உடையில் வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வருடம் நானே நடந்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது என் நினைவில் இருந்தது சாமி அல்ல, இடது குதிகால் கொப்புளம். அந்த 272 படியில் நின்று யோசிக்க யார் விடுகிறார்கள்? பின்னால் காவடி நெருக்கும், முன்னால் தொண்டர்கள் ‘நகருங்க, நகருங்க’ என்பார்கள். 2018-இல் படிகளுக்கு வர்ணம் பூசியதிலிருந்து படம் எடுப்பவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான்கு நாளாக அடுத்த ஊர், அடுத்த நிழல் என்று மட்டுமே இருந்த மனதுக்கு, அங்கே திடீரென்று வேலையே இல்லாமல் போய்விடுகிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது மகனுடைய கார்தான். அவர் மீது தப்பில்லை, பாவம், அம்மாவின் கால்வலிதான் அவருக்குக் கவலை. ஆனால் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் நீங்கள் நடந்து வந்த ஊர்கள், செரண்டாவும் ராசாவும் களும்பாங்கும் கண்ணில் படாது. நான்கு நாள் நடந்த தூரம் ஒரு தூக்கத்தில் முடிந்துவிடும்.

செட்டிநாட்டிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கும் நகரத்தார், ஊருக்கும் நடந்தேதான் திரும்புகிறார்கள். ஸ்பெயினில் சந்தியாகோ தேவாலயத்துக்குப் பிரான்ஸ் எல்லையிலிருந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர் நடந்து வருகிறவர்களில் சிலருக்கு அங்கே நிற்கப் பிடிப்பதில்லை. இன்னும் 90 கிலோமீட்டர் போல நடந்து பினிஸ்தெர்ரே கடற்கரைக்குப் போகிறார்கள். அதற்குமேல் நடக்க நிலம் கிடையாது. அவ்வளவு தூரம் எதற்கு? பத்துமலைக்கு வரும் வெள்ளித்தேரே திரும்பவும் ஊர்வலமாகத்தான் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறது. பூசம் முடிந்துவிட்டது என்று முருகனை யாரும் காரில் ஏற்றி அனுப்புவதில்லை.

நீங்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு ரவாங்கிலிருந்து பழைய ரோட்டிலேயே வடக்கே வாருங்கள். தண்ணீர் கொடுத்த வீடு, படுத்துத் தூங்கிய கோயில் மண்டபம், எல்லா இடத்திலும் நிறுத்தச் சொல்லுங்கள். பீடோருக்கு முந்தின ஊரான சுங்கை வந்ததும் காரை அனுப்பிவிட்டு இறங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் அங்கிருந்து நடந்தால், வழியில் எங்காவது பசியாறிவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருக்கலாம்.