கழனித் தொட்டி

அன்புள்ள அக்கா,

கும்பகோணத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் தோழியின் காதலன் ஆணுறை வேண்டாம் என்கிறான். அவசரத்துக்கு அவள் வாங்கிய மாத்திரையையும் அரசலாற்றுப் பாலத்தில் நின்று தண்ணீரில் எறிந்துவிட்டான். "புள்ள உண்டாயிட்டா உங்க வீட்ல சம்மதிச்சுத்தான ஆவணும்" என்கிறான். இருவரும் வேறு வேறு சாதி. புதுமைப்பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் 1000 ரூபாய் வரும் ஏடிஎம் கார்டும் அவனிடம்தான். இப்போது நாள் தள்ளி 9 நாளாகிறது. கல்யாணத்துக்கு முன்பே இப்படி நடந்தது தப்புதான். ஆனால் அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறான், கொஞ்சம் பொசசிவ், அவ்வளவுதான். அவள் அம்மாவிடம் நான் சொல்லலாமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

தப்பா சரியா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. உன் கடிதத்தில் அந்தப் பாலத்துக்கு வந்ததும் மேலே படிக்க முடியாமல் நின்றுவிட்டேன்.

நீடாமங்கலம் பக்கம் என் அத்தை வீடு. நாலாவது பிள்ளைக்குப் பிறகு நர்ஸம்மாவிடம் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டை வாங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். 21 வெள்ளை மாத்திரை, 7 கறுப்பு. மாமா கண்டுபிடித்துவிட்டார். அடிக்கவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. கொல்லையில் மாட்டுக் கழனித் தொட்டிக்கு மேல் அட்டையைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் போட்டார். அத்தையைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுப் போட்டார். தவிட்டுத் தண்ணீரில் வெள்ளைப் பொட்டுகளாய்க் கொஞ்ச நேரம் தெரிந்தன. அப்போது எனக்குப் பத்து வயது. அதன்பிறகு ஐந்தாவதும் ஆறாவதும் பிறந்தன. "மாமாவுக்கு அத்தைன்னா உசுரு" என்றுதான் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் பேச்சு.

நீயும் அதே உயிரைத்தான் எழுதுகிறாய். படிக்கிற பெண், "கொஞ்சம் பொசசிவ்" என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? அவன் எறிந்தது 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மாத்திரை. கார்டு அவனிடம் இருந்தால் இன்னொன்றை அவள் எதைக் கொண்டு வாங்குவாள்? கலிபோர்னியாவில் குடும்பநலக் கிளினிக்குகளுக்கு வந்த 16 முதல் 29 வயதுப் பெண்களிடம் கேட்டு 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. துணைவன் கருத்தடையைக் கெடுத்தான் என்று 15 சதவீதம் பேர் சொன்னார்கள். அங்கே அதை வன்முறை என்று எழுதிவைக்கிறார்கள். இங்கே உசுரு என்கிறோம், பொசசிவ் என்கிறோம்.

சாதியை எனக்குக் காரணமாகக் காட்டாதே. சாதி தாண்டிக் கட்டிக்கொள்பவர்கள் பக்கம்தான் நான் எப்போதும். சிறப்புத் திருமணச் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது, அவனுக்கு 21 முடிந்ததும் பதிவாளரிடம் போகட்டும். அவள் அப்பா முன்னால் நிற்கத் துணிச்சல் இல்லாமல் அவள் வயிற்றை முன்னால் அனுப்புகிறான்.

இன்றைக்கே மெடிக்கலில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கு. உண்டாகியிருந்தால், என்ன செய்வது என்பது அவள் முடிவு. வேண்டாம் என்றால் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். 18 முடிந்தவளுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும், அப்பாவுடையதும் வேண்டாம், அவனுடையதும் வேண்டாம். மணமாகாதவள் என்று ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அவன் மிரட்டினால் பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவளைக் கேட்காமல் சொல்லாதே. கார்டுக்காக அவனிடம் போய் நிற்கவும் வேண்டாம். நாளைக் காலையில் வங்கிக்குப் போய் அதை முடக்கிவிட்டுப் புதியது கேட்கட்டும். நீயும் கூடப் போ.