‘நூறாண்டு ஆச்சா மரம்’ என்றதும் முன்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: அரசு இசைப்பள்ளியில் நாகஸ்வரம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என்னிடம் இருக்கும் பழைய பாரியில் (நீளமான, சுருதி தாழ்ந்த நாகஸ்வரம்) மேல் ஸ்தாயி சுருதி சேரவே இல்லை. தெரிந்தவர் ஒருவர், நூறாண்டுப் பழைய ஆச்சா மரத்தில் செய்தது என்று ஒரு கருவியைக் காட்டி முன்பணம் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், தம்பி. முதலில் வாயில் வைத்து ஊதும் சீவாளியையும், அதைச் செருகும் சிறு உலோகக் குழலான கெண்டையையும் மாற்றிப் பாருங்கள். மேல் ஸ்தாயி சேரவில்லை என்று வருகிற பிள்ளைகள் பலருக்குக் குற்றம் மரக்குழலான உலவில் இருப்பதில்லை. தளர்ந்துபோன சீவாளியில் இருக்கிறது. திருவாவடுதுறைச் சீவாளி நாலைந்து வாங்கி, நன்றாக ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்தி வாசியுங்கள். ஆசிரியரின் கெண்டையையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்போதும் சேராவிட்டால்தான் புதுக் கருவிப் பேச்சு.

இந்த ‘நூறாண்டு மரம்’ வியாபாரத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. பழைய ஆச்சா நல்லது என்பது உண்மைதான். ஈரம் வற்றிய மரம் கடைந்தபின் எளிதில் வெடிக்காது. அதனால்தான் ஆசாரிகள் இடித்த வீடுகளின் தூணையும் உத்தரத்தையும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் கடைந்து முடித்த கருவியைப் பார்த்து மரத்தின் வயதை நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எண்ணெயும் சாயமும் ஏற்றினால் நேற்று அறுத்த மரமும் கறுத்துவிடும். நாகஸ்வரம் கடைவதற்குப் பேர்போன ஊரான நரசிங்கம்பேட்டையின் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் உங்களிடம் முன்பணம் கேட்கும் தரகர் கையில் இருக்கும் கருவியை யார் கடைந்தார், எந்த மரம், சுருதி எத்தனை கட்டை என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டாவது உண்டா? வாங்குகிற மாணவனுக்கு உதவாத குறியீடு யாருக்காக?

சுருதிப் பெட்டியை வைத்து வாசித்துத்தான் கருவியை எடுக்க வேண்டும். சங்கராபரணத்தில் சுத்த மத்தியமத்தைப் பிடித்து நில்லுங்கள். பழைய திமிரியில், அதாவது குட்டையான, சுருதி கூடிய நாகஸ்வரத்தில், அந்தச் சுரம் சுத்தமாக நிற்காது. 1955இல் நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பாரியை உருவாக்கியது அந்தக் குறையைத் தீர்க்கத்தான். அடுத்து, விரல் படாத அடித் துளைகளைப் பாருங்கள். கொஞ்சம் மெழுகு இருப்பது வழக்கம். அப்பி அடைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். உலவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்படி வாசித்துப் பார்த்துக் காதுக்குப் பிடித்ததை எடுங்கள் என்பேன். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் அண்ணனுடனோ சித்தப்பாவுடனோ ஜோடியாக வாசிப்பவர் என்றால் அவருடைய சுருதிதான் உங்கள் சுருதி. அவர் கருவி இரண்டரைக் கட்டை என்றால், இரண்டு கட்டையில் எவ்வளவு இனிமையான கருவி கிடைத்தாலும் வேண்டாம். இரண்டும் ஒரே கட்டை என்று வாயால் சொன்னால் போதாது. அவரையும் அவர் நாயனத்தையும் அழைத்துப் போய், இருவரும் ஒன்றாகத் தார ஷட்ஜம் (மேல் ஸ்தாயி ‘ஸ’) பிடியுங்கள், பிறகு பஞ்சமம், பிறகு மந்திர ஸ்தாயிக்கு (கீழ் ஸ்தாயி) இறங்குங்கள். எங்காவது இரண்டு ஒலியும் ஒட்டாமல் அலை அடித்தால் அந்தக் கருவி உங்களுக்கானது அல்ல. முடிந்தால் அவர் கருவியைக் கடைந்த பட்டறைக்கே போய்ச் சொல்லிச் செய்யுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது ஆசிரியரை உடன் அழைத்துச் செல்லுங்கள். தரகர் வேண்டாம்.